பலாலி – ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்? தூரம் சொல்லும் இணையத்தளங்களைத் தட்டிப் பார்த்த கதை

வெளிநாட்டில் ஒரு ஆளாவது இல்லாத வீட்டை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால் "அங்கை போய்ச் சேர எத்தனை மணித்தியாலம்?" என்ற கேள்வியும் எந்த வீட்டிலும் ஓய்வதில்லை. முன்பு அதை டிக்கெட் போடும் ஏஜென்சிக்காரரிடம் கேட்டோம், இப்போது போனில் அடிக்கிறோம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவு என்று சொல்லும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். கனடாப் பயணம் ஒன்றுக்கு ஒழுங்கு செய்யும் சாட்டில் அவற்றில் கனக்கத் தட்டிப் பார்த்தேன். தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்கு நம்ப வேண்டாம். அவசரமாக இருப்பவர்கள் இதோடு போகலாம், மற்றவர்களுக்கு ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து ரொறன்ரோவின் பெரிய விமான நிலையமான பியர்சனுக்கு நேர்த் தூரம் சுமார் 13,700 கிலோமீற்றர். எந்தத் தளத்தில் பார்த்தாலும் சில பத்துக் கிலோமீற்றர் கூடக் குறைய இதுதான் வருகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்குக் காரணம், சில தளங்கள் பூமியை முழு உருண்டையாக எடுத்துக் கணக்குப் பார்க்கின்றன, சில தளங்கள் துருவப் பக்கம் கொஞ்சம் தட்டையான உருவமாக எடுக்கின்றன. அதிகம் போனால் அரை வீதம் தட்டும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "யாழ்ப்பாணம்" என்று பெயரை அடித்தால் சில தளங்கள் நகரத்தின் நடுவிலிருந்து அளக்கின்றன, பலாலி அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் வடக்கே இருக்கிறது. ரொறன்ரோத் தூரத்தில் அது தூசு. சென்னைத் தூரத்தில் தெரியும். ரொறன்ரோவிலும் அப்படித்தான், ஏரிக்கரையில் பில்லி பிஷப் என்று ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது, பெயரை மட்டும் கொடுத்தால் சில வேளை அதைத் தூக்கிக் காட்டும். பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள்: பலாலிக்கு ஜே.ஏ.எஃப், கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி, பியர்சனுக்கு வை.வை.இசட்.

படம் போட்டுக் காட்டும் தளம் என்றால் அங்கேதான் சுவாரசியம். சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கனடா என்றால் மேற்கே அரபு நாடுகள், ஐரோப்பா, அத்லாந்திக் கடல் என்று நேரே போக வேண்டும்போல இருக்கும். தளம் போடும் கோடு அப்படிப் போவதில்லை. பலாலியிலிருந்து கிட்டத்தட்ட வடக்கே பார்த்து, கொஞ்சம் மட்டும் மேற்கே சாய்ந்து ஏறுகிறது. இந்தியாவைத் தாண்டி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானின் வடக்கு மூலை, கசக்ஸ்தான், ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம், பிறகு நோர்வேக்கும் மேலே வட சமுத்திரம், அங்கே 73 பாகை அகலாங்கு வரை போய், கிரீன்லாந்தின் பனிக்கு மேலாக இறங்கி, கியூபெக் வழியாக ரொறன்ரோவுக்கு வருகிறது. ஒரு தோடம்பழத்தில் இரண்டு குண்டூசியைக் குத்தி நடுவில் நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், நூல் எந்த வழியாகப் போக விரும்புகிறது என்று விளங்கும். அந்த நூலின் வழியைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள், இந்தத் தளங்கள் எல்லாம் அளப்பதும் அதைத்தான். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை ஒருமுறை காட்டுங்கள்.

இனி நேரம். ஒரு தளம் பதினைந்தே முக்கால் மணித்தியாலம் என்கிறது. இன்னொன்று பதினேழரைக்கும் மேலே என்கிறது. ஒரே தூரத்துக்கு இரண்டு மணித்தியால வித்தியாசம் எப்படி? உள்ளே நடப்பது மிகவும் எளிய வகுத்தல். தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணித்தியாலம் கூட்டுகிறார்கள். ஒருவர் மணிக்கு 900 கிலோமீற்றர் என்று எடுத்தார், மற்றவர் 800 என்று எடுத்தார், கதை முடிந்தது. அந்த விமானம் இருக்கிறதா, அந்த வழியில் யாராவது பறக்கிறார்களா என்று எந்தத் தளமும் பார்ப்பதில்லை. பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் தளம் "பறக்கும் நேரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, இல்லை என்பதை எங்கேயோ அடியில் மணலளவு எழுத்தில் வைத்திருக்கும். சில தளங்களில் அதுவும் இல்லை.

13,700 கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறக்க முடியாதா என்று கேட்டால், முடியும். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல், பதினெட்டு மணித்தியாலம் போல நிற்காமல் பறக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட விமானம் எரிபொருளை நிரப்பிக்கொண்டு எழும்ப நீளமான ஓடுபாதை வேண்டும், பலாலியில் இப்போது வந்து போவது ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமானம். அதோடு நாள்தோறும் நிரப்ப ஆளும் வேண்டுமே. திருவிழாக் காலத்தில் நிரம்பும், நல்லூர்த் தேர் முடிந்தால்?

சரி, நேரடி விமானம் வந்தாலும் அந்த நூல் வழியே போகுமா என்றால் அதுவும் சந்தேகம். 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறிய பிறகு ஆப்கானிஸ்தான் வான்வெளியைப் பல விமான நிறுவனங்கள் தவிர்த்து வந்திருக்கின்றன. 2022 பெப்ரவரியில் உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் ரஷ்யாவின் வான்வெளி கனடா, ஐரோப்பிய ஒன்றிய, பிரித்தானிய விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஆக, தளம் போட்ட அழகான கோட்டில் கிட்டத்தட்ட கால்வாசி, யாருடைய வாலில் எந்தக் கொடி இருக்கிறது என்பதைப் பொறுத்து, பூட்டிய வாசல். சுற்றித்தான் போக வேண்டும். அதற்கு மேல் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்று ஒன்று இருக்கிறது, மாரி காலத்தில் இன்னும் பலமாக வீசும். கனடாவுக்குப் போகும்போது அது முகத்தில் அடிக்கும், திரும்பி வரும்போது முதுகைத் தள்ளும். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணித்தியாலம் போல எடுக்கும், திரும்ப வருவதற்கு அதைவிட ஒரு மணித்தியாலம் அளவில் குறையும். தளங்களில் போக வர ஒரே நேரம்தான் காட்டும். வகுத்தல் கணக்குக்கு எங்கே காற்றுத் தெரியும்?

நேரடியாக இல்லையென்றால் எங்கே மாறிப் போவது என்பதுதான் எங்கள் வீடுகளில் நடக்கும் பெரிய வாக்குவாதம். "டுபாய்ப் பக்கம் போனால் சுற்று", "லண்டன் வழியாகப் போனால்தான் நேர் வழி" என்று ஆளுக்கொரு கதை. இதற்கு இந்தத் தளங்கள் உண்மையில் பிரயோசனம். கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர்த் தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாக இரண்டு துண்டையும் கூட்டினால் சுமார் 14,370 வருகிறது. லண்டன் வழியாக 14,420. டோஹா வழியாக 14,490. பார்த்தீர்களா? மூன்றுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 120 கிலோமீற்றர்தான் வித்தியாசம், ஜெட் விமானத்துக்கு அது எட்டு நிமிஷ வேலை. நேர்க் கோட்டோடு ஒப்பிட்டாலும் எல்லாம் மூன்று, மூன்றரை வீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும்போது, நடுவில் இந்த மூன்றில் எங்கே இறங்கினாலும் தூரம் பெரிதாகக் கூடாது. அதனால் "அது சுற்று வழி" என்று சொல்லிக் கூடக் காசு கேட்கும் ஆளிடம் தளத்தைத் திறந்து காட்டலாம். எங்கள் உறவினர் ஒருவருக்கு நகரத்தில் ஒரு ஏஜென்சியில் இந்தக் கதையைத்தான் சொல்லி விலை கூடிய டிக்கெட்டைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். பெயர் வேண்டாம், ஊரில் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் நேரத்தை எது தின்கிறது? தரை. இதைத்தான் எந்தத் தளமும் சொல்லாது. பலாலியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்த் தூரம் 290 கிலோமீற்றர், தளத்தில் அடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் என்று வரும். எங்கள் வான் வண்டிக்கு அது தெரியாதே. கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று ஓடிப் போய்ச் சேர ஏழு எட்டு மணித்தியாலம், அதில் வழியில் ஒரு தேத்தண்ணி, ஒரு சாப்பாடு, வழியனுப்ப வந்த ஆட்களில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் இன்னும் ஒரு அரை மணித்தியாலம். போகிறவர் ஒருவர், வழியனுப்பப் போகிறவர்கள் வான் நிறைய. இந்த வழக்கத்தை யாராவது நிறுத்தினால் நேரம் மிச்சம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் என்னுடைய பயணத்துக்கு யாரும் வராவிட்டால் எனக்கே கோபம் வரும். பஸ் என்றால் இரவு ஏறி விடியக் கொழும்பில் இறங்கி அங்கிருந்து திரும்ப வடக்கே கட்டுநாயக்கவுக்கு வர வேண்டும். ரயிலும் அதே மாதிரித்தான்.

ஒரு சாதாரண பயணத்தைக் கூட்டிப் பார்க்கலாம். வீட்டு வாசலிலிருந்து கட்டுநாயக்க எட்டு மணித்தியாலம். மூன்று மணித்தியாலத்துக்கு முன்னே வரச் சொல்வார்கள், நம் ஆட்கள் நான்குக்கு முன்னே போவார்கள். வளைகுடாவுக்கு ஐந்து மணித்தியாலம் அளவில். அங்கே காத்திருப்பு நல்ல டிக்கெட் என்றால் மூன்று, மலிவு டிக்கெட் என்றால் ஒன்பது பத்தும் ஆகலாம். பிறகு பதினான்கு. பியர்சனில் குடிவரவு, பெட்டி எடுப்பது எல்லாம் ஒரு ஒன்றரை இரண்டு. ஆக, நன்றாக அமைந்தாலே முப்பத்தைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. அதில் ஆகாயத்தில் இருப்பது பத்தொன்பதுதான். தளம் சொன்ன பதினைந்தே முக்காலை வைத்துக்கொண்டு வயதான ஆட்களுக்கு மருந்து கட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நீரிழிவு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் என்றால் இந்த முழு நேரத்தையும் டொக்டரிடம் சொல்லித்தான் கேட்க வேண்டும், பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லக் கூடாது. மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும்.

இங்கேதான் பலாலி – சென்னை வழி பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து எங்கள் காங்கேசன்துறையை, அதாவது இதே பலாலியைத் தொட்டுத்தான் சென்னைக்குப் போனது, ஆக இது புது வழியும் இல்லை. யுத்த காலத்தில் எல்லாம் நின்று, 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்து, கொரோனாவால் திரும்ப மூடி, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோ என்ற இந்திய விமான நிறுவனமும் வந்தது. 2025 மார்ச் முடிவில் திருச்சிக்கும் விட்டார்கள்.

பலாலி – சென்னை 355 கிலோமீற்றர். தளங்கள் இதையும் ஜெட் வேகத்தில் வகுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் என்று போடும். ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும், அதனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம் போல இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. இறக்கைக்கு கீழே பாக்கு நீரிணை தெரியப் பறப்பது ஒரு சந்தோஷம், விமான நிலையம் சின்னது என்பதால் வரிசையும் சின்னது, வீட்டிலிருந்து முக்கால் மணித்தியாலத்தில் போய்விடலாம். திருச்சி இன்னும் கிட்ட, நேர்க் கோட்டில் 185 கிலோமீற்றர்கூட இல்லை, கட்டுநாயக்கவை விடக் கிட்ட! கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்குத் திருச்சி வாய்ப்பு, கனடாவுக்குச் சென்னைதான் சரிவரும்.

கணக்கில் பார்த்தால் சென்னை அழகாகப் பொருந்துகிறது. பலாலி – சென்னை – ரொறன்ரோ என்று கோடு போட்டால் 13,740 கிலோமீற்றர் அளவில் வரும், நேரடிக் கோட்டோடு பார்த்தால் இருபது கிலோமீற்றர்தான் கூட. சென்னை கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை, ஆனால் லண்டன் வழியாகப் போனாலும் மொத்தம் 14,300 அளவில்தான். கட்டுநாயக்க வழிகளை விட இது குறைவு, அதோடு வான் ஓட்டம் முழுக்க மிச்சம். கேட்க எல்லாம் நன்றாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் பலாலி விமானம் பகலில் போய் இறங்கும். சென்னையிலிருந்து ஐரோப்பாப் பக்கம் போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி, விடியப்புறத்தில்தான் வெளிக்கிடும். நடுவில் அரை நாள் போய்விடும். இரண்டு துண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டு என்றாலும் கனேடியக் கடவுச்சீட்டு என்றாலும். முதல் விமானம் பிந்திப் போய் இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பு எடுக்க மாட்டார்கள். பிறகு பெட்டி நிறை. கனடா டிக்கெட்டில் பெரும்பாலும் 23 கிலோப் பெட்டி இரண்டு தருவார்கள், சின்ன விமானத்தில் அவ்வளவு விடமாட்டார்கள், மிச்சத்துக்குக் கிலோக் கணக்கில் காசு. மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் பனாட்டும் இல்லாமல் கனடா போகும் ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. கைப்பெட்டியோடு போகும் இளசுகளுக்கு, ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால், சென்னை வழி நல்லது. அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புவதற்கு நான் கட்டுநாயக்கவைத்தான் சொல்வேன், வான் ஓட்டத்தோடு சேர்த்துத்தான். ஒரே டிக்கெட், வீல்செயார் உதவி இரண்டு இடத்திலும், பெட்டி நேரே ரொறன்ரோவில்.

நேர வித்தியாசம் பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் இந்த விமர்சனம் நிறைவாகாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கட்டுநாயக்கவில் சனிக்கிழமை விடிய மூன்று மணிக்கு ஏறிய ஆள், இருபத்திரண்டு மணித்தியாலம் கழித்து ரொறன்ரோவில் இறங்கும்போது அங்கே அதே சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை, கோடை என்றால் மூன்றரை. ஊரில் இருக்கும் பெரியம்மா "விடிய வெளிக்கிட்ட பிள்ளை பின்னேரமே போய்ச் சேர்ந்திட்டுது, பன்னிரண்டு மணித்தியாலம்தான்" என்று அயலெல்லாம் சொல்லி முடித்துவிடுவார். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம்: சனி இரவு பத்து மணிக்கு ஏறினால் திங்கள் விடியத்தான் இங்கே. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனது என்று தேடக் கூடாது. எங்கள் நேரத்தில் அரை மணித்தியாலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் ரொறன்ரோவோடு வித்தியாசம் மாரியில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. நான் பார்த்த தளம் ஒன்று இந்த அரையை விழுங்கிவிட்டுப் பத்து என்று காட்டியது. இன்னொன்று வருஷம் முழுவதும் பத்தரை என்றே வைத்திருக்கிறது. ரொறன்ரோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள், இங்கிலாந்தில் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகள். அந்த வாரங்களில் பயணம் என்றால் தளத்தை நம்பாமல் டிக்கெட்டைப் பாருங்கள். விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புவதில் ஒரு மணித்தியாலம் பிசகுவது அனேகமாக இப்படித்தான்.

எந்தத் தளம் நல்லது என்று கேட்டால், என்னுடைய தெரிவு கிரேட் சர்க்கிள் மேப்பர். பார்க்கப் பழைய காலத்துத் தளம் மாதிரி இருக்கும், தமிழும் இல்லை, பெயர் தெரியாமல் போய்த் தேடினால் கொஞ்சம் முழிக்க வைக்கும். ஆனால் குறியீடுகளை நடுவில் சின்னக் கோடு போட்டு அடித்தால், சி.எம்.பி, டி.எக்ஸ்.பி (டுபாய்), வை.வை.இசட் என்று எத்தனை துண்டு வேண்டுமானாலும் தொடுத்துக் கூட்டிக் காட்டும். காற்புள்ளி போட்டால் இரண்டு மூன்று வழிகளை ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரையும், மேலே சொன்ன டுபாய், லண்டன், டோஹா வாக்குவாதம் அதில் ஒரு நிமிஷத்தில் தீரும். கிலோமீற்றர், மைல், கடல் மைல் எதிலும் பார்க்கலாம். நேரம் வேண்டுமென்றால் வேகத்தை நாமே கொடுக்க வேண்டும், எனக்கு அது பிடித்திருக்கிறது, பொய்யாக ஒரு நேரத்தைத் தானாகத் தள்ளிவிடுவதில்லை. ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம்.

மற்றவை, அதாவது "இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு" என்று ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பக்கம் தானாகவே உற்பத்தி செய்து வைத்திருக்கும் தளங்கள், ஐந்துக்கு இரண்டு. தூரம் சரி என்பதற்காக அந்த இரண்டு. பக்கம் முழுக்க விளம்பரம், அதே எண்ணை மைலில் ஒருமுறை, கடல் மைலில் ஒருமுறை, பிறகு வசனமாக ஒருமுறை எழுதி நீட்டியிருப்பார்கள். ஒன்றில் பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்குக் காரில் போனால் எத்தனை மணித்தியாலம் என்றும் இருந்தது. பாக்கு நீரிணையையும் அத்லாந்திக்கையும் எந்தக் காரில் தாண்டுவது என்று எழுதவில்லை.

டிக்கெட் தேடும் தளங்கள் காட்டும் "மொத்தப் பயண நேரம்" இவற்றை விட எவ்வளவோ மேல், ஏனென்றால் அதில் காத்திருப்பும் சேர்ந்திருக்கும். உண்மையாக எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று அறிய வேண்டுமென்றால் ஃப்ளைட்ரேடார் 24 இல் விமான இலக்கத்தைப் போட்டு, கடந்த சில நாள் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டு எத்தனை மணிக்குத் தரை தொட்டது என்று பாருங்கள். அட்டவணையை விட முன்னே பின்னே வருவது அதில் அப்படியே தெரியும். ரொறன்ரோவில் கூட்டிப் போக வருகிறவருக்கும் அதையே அனுப்பிவிடுங்கள், ஸ்காபரோவிலிருந்து பியர்சனுக்கு 401 நெடுஞ்சாலையில் நெரிசல் நேரத்தில் வருவதென்றால் அவருக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். எந்த முனையம் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துச் சேர்த்து எழுதுங்கள், பியர்சனில் ஒன்றும் மூன்றும்தான் இருக்கின்றன, இரண்டு இல்லை.